புற்றும் தவிட்டுத் தட்டும்

கீரனூர்ப் பக்கமிருந்து குன்றாண்டார்கோவிலுக்குப் போகிறவர்கள், பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் சமைத்த குகைக்கோயிலையும், குதிரைகள் இழுக்கும் தேரின் வடிவாகப் பிற்காலத்தார் கல்லிலே எழுப்பிய மண்டபத்தையும் காணும் ஆவலில், வழியோரத்துச் செம்மண் மேட்டில் ஆவாரம்புதர்களுக்கிடையே நிற்கும் கறையான் புற்றுகளை ஏறெடுத்தும் பாராமல் கடந்து விடுவது இயல்பே. மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கப்படுகிற புற்றாயிருந்தால் ஒரு கணம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மற்றவை வெறும் மண்குவியலாகவே கண்ணுக்குத் தோன்றும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய முதற்பாடம் அந்த மண்குவியலுக்குள்ளேதான் இருக்கிறது.

வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்டுப் பிளந்த புற்றொன்றை உற்று நோக்குவோமானால், மண்ணறைகளுக்குள்ளே கடற்பஞ்சு போல மடிப்பும் துளையுமாய், இளம்பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் உதிர்ந்து போகும் ஒரு பொருள் இருப்பதையும், அதன்மேல் கசகசாவைத் தூவினாற்போல வெண்மணிகள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். அந்தப் பஞ்சைக் கறையான்கள் தாமே கட்டுகின்றன. காய்ந்த புல்லையும் சருகையும் பட்ட மரத்தையும் தின்று, அரைகுறையாய்ச் செரித்த நிலையில் வெளியே தள்ளி, அடுக்கடுக்காய்ச் சேர்த்து, அதன்மேல் டெர்மிடோமைசிஸ் என்னும் பூஞ்சணத்தைப் பயிர் செய்கின்றன. மரத்திலுள்ள கடினமான லிக்னினையும் செல்லுலோசையும் உடைக்கும் வேலையை அந்தப் பூஞ்சணம் ஏற்றுக்கொள்கிறது. பதப்பட்ட பழைய பஞ்சையும் வெண்மணிகளையும் கறையான்கள் உண்கின்றன. வெண்மணியோடு வயிற்றுக்குள் போன வித்துகள் அழியாமல் வெளிவந்து, புதிதாய்க் கட்டும் பஞ்சில் மறுபடி விதைக்கப்படுகின்றன. இயற்கையில் கிடைத்த கழிவை மெத்தையாக விரித்து, அதன்மேல் பூஞ்சணத்தை வளர்த்து, அது சுரக்கும் நொதிகளின் பலனை அனுபவிப்பதென்னும் தொழில் மனிதன் தோன்றுவதற்குப் பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே பூமிக்குள் நடந்து வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் ஆச்சரியம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நொதி என்று நாம் இப்போது சொல்லும் பொருளைப் பற்றி மனிதன் அறிந்துகொள்ளத் தொடங்கியது 1833-ஆம் ஆண்டில். பிரான்சு நாட்டில் பாயென், பெர்சோ என்னும் இரு ரசாயனிகள், முளைகட்டிய பார்லியை நீரில் கரைத்து வடித்த சாற்றில் சாராயத்தைச் சேர்த்தபோது படிந்த வெண்ணிறப் பொருள், தன் எடையைக் காட்டிலும் பன்மடங்கான மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிவிடுவதைக் கண்டு, அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அது ஓர் உயிரா, உயிரற்ற பதார்த்தமா என்னும் விவாதம் அந்த நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. 1897-இல் ஜெர்மானியராகிய எட்வர்ட் புக்னர், ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றைக் கெடாமல் வைத்திருக்கும் பொருட்டுச் சர்க்கரை சேர்க்கப்போக, உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறு நுரைத்துப் பொங்கிற்று. உயிர் செய்யும் காரியத்தை உயிரைவிட்டுப் பிரிந்த பின்னும் செய்ய வல்லவை நொதிகள் என்பது அன்று ஐயமின்றி விளங்கியது. இன்று திருப்பூரின் சாயப்பட்டறையிலும் ஆம்பூரின் தோல் தொழிற்சாலையிலும் பொடியாகவும் திரவமாகவும் நொதிகளை வாங்கிப் பயன்படுத்த முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை இந்த உண்மையே.

நொதிகளைத் தருவதற்குப் பூஞ்சணம் ஏன் இத்துணை ஏற்றது என்று கேட்டால், அதன் உணவு முறையைப் பார்க்க வேண்டும். நம் தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராத இழைகளாலான அந்த ஜீவனுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உண்ட பின் ஜீரணிப்பது நம் வழக்கம். ஜீரணித்த பின் உண்பது பூஞ்சணத்தின் வழக்கம். தான் படர்ந்திருக்கும் தவிட்டின்மேலோ வைக்கோலின்மேலோ நொதிகளை இழை நுனியிலிருந்து கசியவிட்டு, அங்கேயே மாவைச் சர்க்கரையாகவும் புரதத்தைச் சிறு துணுக்குகளாகவும் சிதைத்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. நமக்கு வேண்டிய நொதியைப் பெற அதன் உடலைப் பிளக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை; அது படர்ந்த படுக்கையை நீரில் அலசி வடித்தாலே போதும்.

அந்தப் படுக்கையைத்தான் இத்துறையினர் தாங்கி என்கிறார்கள். கொடிக்குப் பந்தல் எப்படியோ, பூஞ்சணத்துக்குத் தாங்கி அப்படி. ஆனால் இந்தப் பந்தலில் இரண்டு ஜாதி உண்டு. கோதுமைத் தவிடு, வைக்கோல், தேங்காய்ப் பிண்ணாக்கு, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கின் மாவு போக எஞ்சும் திப்பி ஆகியவை பந்தலாயிருப்பதோடு உணவாகவும் ஆகின்றவை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடும் தென்னை நாரும், எளிதில் சிதையாத காரணத்தால், பெரும்பாலும் பற்றிக்கொள்ள இடம் தருவதோடு நின்று, உணவைத் தம்மைச் சூழ்ந்த திரவத்திலிருந்து பூஞ்சணம் பெறும்படி விட்டுவிடுகின்றவை. உடம்பு தேய்த்துக் குளிக்கப் பயன்பட்ட பீர்க்கங்கூட்டை விஞ்ஞானிகள் தம் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டு சென்றதற்குக் காரணம், அதன் ஒழுங்கான வலைப்பின்னலில் இழைகள் நெருக்கமாய்ப் பற்றிக்கொண்ட பின், பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, அதே பூஞ்சணத்தை மீண்டும் மீண்டும் வேலை செய்ய வைக்கலாம் என்பதே. இரசாயன நுரைப்பஞ்சும் இதைச் செய்யக்கூடும். ஆயினும் வேலை முடிந்த பின் மண்ணோடு மண்ணாய் மக்கிப் போகும் குணம் அதற்கு ஏது?

தவிட்டின்மேல் பூஞ்சணம் வளர்த்து நொதியைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மனிதர் ஜப்பானியராகிய ஜோகிச்சி தகாமினே. அவருடைய நாட்டில் அரிசியை ஆவியில் வேகவைத்து, ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சணத்தை அதன்மேல் வளர்த்து, கோஜி என்ற பெயரால் மதுவுக்கும் சோயாச் சாற்றுக்கும் மூலமாக வைத்துக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். 1890-இல் அமெரிக்காவுக்குச் சென்ற தகாமினே, அங்கே விஸ்கி வடிப்பவர்கள் பார்லியை முளைகட்டி நாட்கணக்கில் காத்திருப்பதைக் கண்டு, அந்த வேலையைப் பூஞ்சணம் விரைவில் முடித்துவிடும் என்று காட்ட இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் முயன்றார். அவர் அமைத்த சாலை 1891-இல் தீக்கிரையாயிற்று. மனந்தளராத அவர், மாவு ஆலைகளில் மலிவாய்க் கிடைத்த கோதுமைத் தவிட்டின்மேல் அதே பூஞ்சணத்தை வளர்த்து, நொதியைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார். டெட்ராய்ட் நகரத்துப் பார்க் டேவிஸ் நிறுவனம் அதை டாகா டயஸ்டேஸ் என்ற பெயரில் அஜீரணத்துக்கு மருந்தாக விற்றது. நம் நாட்டிலோ, சிக்கிம் முதலிய இமயமலைப் பகுதிகளில் மார்ச்சா என்னும் பூஞ்சண வில்லைகளைக் கொண்டு மது காய்ச்சுவோரை விட்டுவிட்டால், பூசணம் பூத்த உணவைத் தூர எறிவதே ஆசாரமாயிருந்தது. இட்லி மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்களே. பூஞ்சணத்தோடு நமக்கு அடுப்படி உறவு அமையவில்லை. இந்தத் தொழில் நம்மிடையே தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

தகாமினே தவிட்டில் தொடங்கிய அதே பியோரியா நகரமே, ஐம்பது வருஷங்களுக்குப் பின், தவிட்டைப் பின்னுக்குத் தள்ளிய இடமாகவும் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலின் மருந்தை ஏராளமாய்ச் செய்ய வேண்டிய நெருக்கடியில், அந்நகரத்து அரசாங்க ஆய்வுக்கூடத்தார், மக்காச்சோளம் ஊறிய நீரைக் கொண்டு, காற்றைக் குமிழிகளாய்ச் செலுத்திக் கலக்கும் ஆழ்ந்த தொட்டிகளில் பூஞ்சணத்தை வளர்க்கும் முறையை உருவாக்கி வெற்றி கண்டார்கள். உஷ்ணமும் அமிலத்தன்மையும் தொட்டியெங்கும் ஒரே சீராய் இருக்கும். கருவிகளால் அளக்கலாம், திருத்தலாம். ஆகவே உலகத்து நொதி வியாபாரத்தில் பெரும்பங்கு தொட்டிகளின் வசமாயிற்று. இன்றும் நிலைமை அதுவே.

ஆனாலும் பூஞ்சணம் நீர்வாழ் ஜந்துவன்று. காற்றுப்பட்ட ஈரத்தில், மரப்பட்டையிலும் சருகிலும் படர்ந்து வாழ்வதே அதற்குச் சுபாவம். தொட்டிக்குள் அதை அமிழ்த்தி வைப்பது நம் வசதிக்காக. தவிட்டில் வளரும்போது சில நொதிகளை அது செறிவாகச் சுரப்பதும், தொட்டியில் சுரக்காத சிலவற்றைத் தவிட்டில் சுரப்பதும் பல ஆய்வுகளில் கண்ட உண்மை. மற்றொரு நன்மையும் உண்டு. தவிட்டுக்கு விடும் நீரின் பதம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. புட்டுக்கு மாவு பிசிறும் பதமேதான், கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அந்தக் குறைந்த ஈரத்தில் பூஞ்சணம் செழிக்கும். அழையா விருந்தாளிகளாய் வந்து சேரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தலையெடுக்க இயலாது. தொட்டித் தொழிலில் கழிவு நீரை என்ன செய்வதென்ற கவலை உண்டே, அதுவும் இங்கே வெகுவாகக் குறைந்து போகிறது. ஏரி வறண்டால் குடிநீருக்கே அலைய நேரும் புதுக்கோட்டைச் சீமைக்கு இது சிறிய விஷயமன்று.

இந்தியாவில் இந்த முறையை ஒரு சாஸ்திரமாகவே பயின்ற இடம் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். 1950-ஆம் ஆண்டு செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய அந்நிலையத்தில், லான்சேன் முதலிய ஆய்வாளர்கள், தவிட்டுப் படுக்கையில் ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் போன்ற பூஞ்சணங்களை வளர்த்து மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தயாரிப்பது பற்றி நெடுங்காலம் உழைத்து, இம்முறையின் பொறியியல் சிக்கல்களைத் தொகுத்து 1985-இல் வெளியிட்ட கட்டுரை, பிற நாட்டாரும் எடுத்துக் கையாளும் தகுதி பெற்றது. திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அசோக் பாண்டே தலைமையில் இயங்கிய குழுவினர், செக்கிலிருந்து வெளிவரும் தேங்காய்ப் பிண்ணாக்கையே தாங்கியாக வைத்து ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயிடமிருந்து அமைலேஸ் நொதியைப் பெற்றுக் காட்டினார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. தவிட்டில் உப்புகள் கரைந்த நீரைத் தெளித்துப் பிசிறி, அழுத்தக் கொதிகலனில் ஆவியேற்றி, உள்ளிருக்கும் பிற கிருமிகளைக் கொன்று, ஆறிய பின் பூஞ்சணத்தின் வித்துத்தூளைக் கலந்து, தட்டுகளில் சில விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, 30 டிகிரியை ஒட்டிய உஷ்ணமும் மிகுந்த ஈரக்காற்றும் உள்ள அறையில் அடுக்குகிறார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் தவிடு வெண்ணிழைகளால் பின்னப்பட்டுத் தோசை போல ஒரே வில்லையாய் இறுகிவிடும். மூன்று நான்கு நாட்களில், வித்து கட்டி நிறம் மாறி முதிரும் முன்னரே, அதை உதிர்த்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றில்தான் நொதி இருக்கிறது. பிறகு அதைச் செறிவாக்கிப் பொடியாகவோ திரவமாகவோ விற்கலாம்.

எளிமையாகத் தோன்றும் இதில் பெரும் இடர் உஷ்ணமே. மூச்சு விடும் ஜீவன் எதுவும் வெப்பத்தை வெளிவிடும். ஆனால் தவிடு வெப்பத்தைக் கடத்தாத பொருள். படுக்கை ஒரு சாண் உயரமானால் நடுவிலுள்ள பூஞ்சணம் தன் வெப்பத்தாலேயே வெந்து மடியும். எருக்குழியைக் கிளறியவர்களுக்கு இந்த ஆவி பழக்கமானதே. காற்றை வேகமாய்ச் செலுத்தினால் சூடு தணியும், ஆனால் தவிடு உலர்ந்துவிடும். ஈரக்காற்றைச் செலுத்தினால் உலராது, ஆனால் சூடு எளிதில் தணியாது. படுக்கையைப் புரட்டிப் போட்டால் இழைகள் அறுந்துபோகும். மைசூரின் கட்டுரையில் பெரும்பகுதி இந்த முடிச்சைப் பற்றியதே. ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் வெற்றி பெற்ற எத்தனையோ முறைகள், ஆலைக்குப் போகும் வழியில் இந்த இடத்தில்தான் நின்றுபோயின.

கறையான் இதை எப்படிச் சமாளிக்கிறது? தென்னிந்தியாவில் பரவலாய்க் காணப்படும் ஓடன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்னும் இனத்தின் புற்றுகளுக்குள் மெல்லிய கருவிகளைச் செலுத்திக் காற்றின் போக்கை அளந்து, மகாதேவன் முதலிய விஞ்ஞானிகள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. புற்றின் புறத்தே செங்குத்தாய்ப் புடைத்து நிற்கும் மடிப்புகளை நாம் மழை அரித்த கோலமென்று நினைக்கிறோம். பகலில் அம்மடிப்புகள் சூடேற, அவற்றினூடே காற்று மேலெழுந்து நடுக்கூடத்தின் வழியே கீழிறங்குகிறது; இரவில் மடிப்புகள் முதலில் குளிர்ந்துவிட, காற்றோட்டம் திசைமாறி நடுவே ஏறி ஓரத்தில் இறங்குகிறது. இப்படி நாளொன்றுக்கு ஒரு சுற்றாகப் புற்று மூச்சு விடுகிறது. உள்ளே தேங்கிய கரியமிலவாயு மண்சுவரின் நுண்துளைகள் வழியே கழிகிறது. விசிறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. பகலிரவின் உஷ்ண வேற்றுமையே இயந்திரம். குன்றாண்டார்கோவில் வெயிலில் நின்று இதை எண்ணிப் பார்க்கும்போது, பாறைக் குடைவுக்குள் நுழைந்ததும் உடம்பில் படும் குளுமையும், புற்றுக்குள் பூஞ்சணம் அனுபவிக்கும் சீதோஷ்ணமும் ஒரே வித்தையின் இரு கிளைகளாகத் தோன்றுகின்றன: கனத்த சுவர், நிதானமாய் ஏறி நிதானமாய் இறங்கும் வெப்பம்.

இவ்வாறு பெற்ற நொதிகளால் தமிழ்நாட்டுக்கு ஆகும் காரியம் என்ன என்பதற்குத் தோல் தொழில் ஒன்றே போதிய சாட்சி. ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிடுவது நம்மவர் கைவந்த கலை. அதற்கு முந்திய கட்டமாகிய மயிர் நீக்குதலில்தான் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்த குழிகள் வந்து புகுந்தன. அந்தக் குழிநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த வரலாறு 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. புரதத்தைச் சிதைக்கும் நொதியைத் தோலின்மேல் பூசினால், மயிரின் வேரைப் பிடித்திருக்கும் பிணைப்பு மட்டும் தளர்ந்து, மயிர் முழுசாய்க் கழன்று வருகிறது. சல்பைடின் தேவை வெகுவாய்க் குறைகிறது. 1948-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வழியில் வெகுகாலமாய் உழைத்து வருகிறார்கள். திருப்பூரிலோ கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கூடாரத் துணியைத் தின்று தீர்த்த டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சணத்தை எதிரியென்று ஆராயப் புகுந்தவர்கள், அதன் செல்லுலேஸ் நொதியின் ஆற்றலைக் கண்டு அதையே நண்பனாக்கிக்கொண்டார்கள். பின்னலாடையின் மேல் எழும் பிசிறை மழித்து வழவழப்பாக்குவது இன்று அந்த நொதியின் வேலை.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் போவது தவறாகும். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே சாதுவான பூஞ்சணம். ஆனால் அதன் நெருங்கிய பங்காளியாகிய ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் ஈரம் தட்டிய நிலக்கடலையில் படர்ந்து அப்ளாடாக்சின் என்னும் கொடிய நஞ்சைச் சுரப்பது. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே. கடலை விளையும் நம் வட்டாரத்தில், கண்ணுக்குப் பச்சையாய்த் தெரிகிற எந்தப் பூசணத்தையும் எடுத்துத் தவிட்டில் தூவி நொதி செய்யலாம் என்று யாரும் துணியக் கூடாது. வித்தின் குலம் கோத்திரம் தெரிந்தாக வேண்டும். சண்டிகர் நகரில் 1986 முதல் நுண்ணுயிர்களைப் பேணிவரும் சேகரத்தைப் போன்ற நம்பகமான இடத்திலிருந்தே அதைப் பெற வேண்டும். வித்துத்தூள் பறக்கும் அறையில் மூக்கை மூடாமல் நிற்பதும் நுரையீரலுக்குக் கேடு.

அவ்வளவு நுட்பம் வேண்டாத, ஆனால் அதே தத்துவத்தில் நடக்கும் ஒரு வேலையை விவசாயிகள் தாமே செய்யக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கற்பித்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்து சாய்ப்பதற்கு முன்னும், எஞ்சியவை தழைத்த பின்னும், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி தென்னைக்குப் பேர்போனது. மட்டையிலிருந்து நாரை உரித்தெடுத்தபின் உதிரும் நார்க்கழிவில் நூற்றுக்கு முப்பது பங்கு லிக்னின் இருப்பதால், குவித்த இடத்தில் அது மக்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும். நிழலில் ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் என்ற கணக்கில், நூறு கிலோ கழிவுக்கு ஓர் அடுக்காக, ஓர் அடுக்கில் வித்தும் மறு அடுக்கில் யூரியாவுமாய் மாற்றி மாற்றித் தூவி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால், முப்பது நாளில் லிக்னின் ஐந்து பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கரிமமும் நைட்ரஜனும் நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் இருபத்து நான்குக்கு ஒன்றாகிறது. செந்நிறக் கழிவு கரிய எருவாகிறது. இங்கே நொதியைப் பிழிந்தெடுத்து விற்பவர் யாரும் இல்லை. அது பிறந்த இடத்திலேயே செலவாகிறது. ஆனால் காளானின் இழை நுனியில் நடப்பது மைசூரின் தட்டில் நடப்பதேதான்.

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் தை அறுவடைக்குப் பின் வைக்கோல் கிடைக்கிறது, கடலைத் தோல் கிடைக்கிறது, நார்க்கழிவு தொலைவிலன்று. இவற்றை எரித்துப் புகையாக்குவதைக் காணும்போதெல்லாம், பூஞ்சணத்துக்குப் பந்தலும் பந்தியுமாக வேண்டியதைச் சாம்பலாக்குகிறோமே என்ற வருத்தம் என்னை விட்டு அகலுவதில்லை. நொதியைச் சுத்தப்படுத்திப் புட்டியில் அடைக்கும் கட்டம் பெரிய ஆலைகளுக்குரியதாகவே இருக்கட்டும். கழிவைச் சேர்த்து, உலர்த்தி, பருமன் பார்த்துச் சலித்து, தாங்கியாகத் தயாரித்துக் கொடுக்கும் முதற்கட்டம் கிராமத்தில் நடக்கக்கூடியதே. மிக நுண்ணிய பொடி காற்றை அடைத்துவிடும். மிகப் பெரிய துண்டில் இழை படர மேற்பரப்பு போதாது. இடைத்தரமாய்ச் சலிக்கத் தெரிந்த கைகளுக்கு நம் களத்து மேடுகளில் பஞ்சம் உண்டா? அந்த வேலைக்கு விலை கிடைக்கும்படி யாரேனும் ஏற்பாடு செய்தால் போதும்.

ஐப்பசியில் இடியோடு மழை பெய்த மறுநாள் காலையில், பூமிக்குள் புதைந்த அந்தப் பஞ்சிலிருந்து நீண்ட வேர் போன்ற காம்பை மேலே செலுத்தி, டெர்மிடோமைசிஸ் குடை விரிக்கிறது. அதுவே நம்மவர் ஆவலோடு தேடிப் பறிக்கும் புற்றுக்காளான். இடிதான் அதை முளைக்க வைத்தது என்று ஊரார் சொல்வார்கள். அதன் இழைகளை ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்த்துவிட்டார்கள். நொதிகளையும் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் சிப்பிக்காளானைப் போலவோ வைக்கோல் காளானைப் போலவோ அதைப் பண்ணையில் பயிர் செய்து குடை விரிக்க வைத்து விற்கும் வித்தை இன்றுவரை மனிதனுக்குக் கைவரவில்லை. விடியுமுன் கூடையோடு செம்மண் மேட்டுக்குப் போகிறவர்கள், கறையான் பயிரிட்டதைத்தான் இன்னும் பறித்து வருகிறார்கள்.